பீட்டி படித்தவர்தான், பிறகு ஏன் எரித்தார்?

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலைப் படித்துவிட்டு நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஷேக்ஸ்பியரையும் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய கேப்டன் பீட்டி, அந்த நூல்களையே எரிக்கும் படைக்குத் தலைவராக இருப்பது பாத்திரப் படைப்பில் நேர்ந்த பிழையல்லவா என்பது ஒன்று. ‘பீட்டி சாகத்தான் விரும்பினார்’ என்று, அதே படையின் வீரனான கதைநாயகன் மான்டாக் பின்னால் நினைத்துக்கொள்வதை நாம் நம்பலாமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. நூல்களின் பெருமையைச் சொல்ல வந்த கதை இது என்றால், அதில் வருகிறவர்களில் மிக அதிகமாகப் படித்தவரைப் படிப்பு ஏன் கரையேற்றவில்லை? இந்த நாவலைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பீட்டி ஒரு பிழை அல்ல. நாவலின் வாதம் முழுவதும் அவர்மேல்தான் நிற்கிறது. அவரை எடுத்துவிட்டால், ‘புத்தகம் நல்லது, எரிப்பது கெட்டது’ என்ற, யாரும் மறுக்காத, ஆகவே யாருக்கும் பயன்படாத ஒரு செய்திதான் மிஞ்சும்.

முதலில், பிரதியில் ஐயத்துக்கு இடமின்றி இருப்பதைப் பிரித்துக்கொள்வோம். 1953இல் வெளிவந்த இந்த நாவலில் வரும் அமெரிக்க நகரத்தில் வீடுகள் தீப்பிடிக்காதவையாகிவிட்டன. அணைக்க வேலையில்லாத தீயணைப்பு வீரர்கள் புத்தகங்களையும் அவை ஒளித்துவைக்கப்பட்ட வீடுகளையும் எரிக்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்த வேலைக்குரிய ‘ஃபயர்மேன்’ என்ற சொல்லில் தீயும் ஆளும் மட்டுமே இருக்கின்றன, அணைப்பது என்ற பொருள் அதற்குள் இல்லை. அதனால் அணைக்கிறவன் எரிக்கிறவனாக மாறியபோது பெயரை மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை. நம் சொல்லுக்குள் ‘அணைப்பு’ வெளிப்படையாக நிற்பதால், தமிழில் இந்த நாவலைப் பற்றிப் பேசும்போது அந்த ஓசையற்ற மாற்றம் கண்ணில் படாமல் போகிறது. இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், இந்தப் பொய் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது பீட்டியைப் புரிந்துகொள்வதற்குத் தேவை என்பதுதான். படையின் விதிப்புத்தகம், இந்த அமைப்பு 1790இல் ஆங்கிலேயச் சார்புள்ள நூல்களை எரிப்பதற்காகவே தொடங்கப்பட்டது என்றும் அதன் முதல் வீரர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்றும் சொல்கிறது. உண்மை வரலாற்றில் ஃபிராங்க்ளின் 1736இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது தீயை அணைப்பதற்கான தன்னார்வக் குழு. மான்டாக்கின் சகாக்கள் விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்துக்காட்டி அவன் வாயை அடைக்கிறார்கள். பீட்டிக்கு மட்டும் அது பொய் என்று தெரியும்.

தெரியும் என்பதற்குச் சான்று முதல் பகுதியிலேயே இருக்கிறது. தன் புத்தகங்களை விட்டு வர மறுத்த ஒரு முதியவள் தன் கையாலேயே தீக்குச்சியைக் கிழித்து அவற்றோடு எரிந்துபோனதைக் கண்ட மறுநாள், மான்டாக் உடம்பு சரியில்லை என்று படுத்துவிடுகிறான். பீட்டி அவன் வீட்டுக்கு வந்து கட்டிலருகே உட்கார்ந்து, விதிப்புத்தகத்தில் இல்லாத வரலாற்றைச் சொல்கிறார். புகைப்படமும் திரைப்படமும் வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன; எல்லாம் பெருந்திரளுக்கானதாயிற்று; பெருந்திரளுக்காக எல்லாம் சுருங்கிற்று; ‘ஹாம்லெட்’ ஒரு பக்கச் சுருக்கமாயிற்று. ஒவ்வொரு குழுவின் மனமும் புண்படக்கூடாது என்று எழுத்தில் இருந்த கூர்மை ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டது. மக்கள் தாமாகவே படிப்பதை நிறுத்தினார்கள். அரசின் ஆணையால் இது தொடங்கவில்லை என்று அவர் அழுத்திச் சொல்கிறார். எதிரியின் வாயிலிருந்து வருவதால் இதை நம்பத் தயங்கலாம். ஆனால் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியரான ஃபேபரும், பீட்டியின் நேர் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு, இதையேதான் சொல்கிறார்: பொதுமக்களே படிப்பதை விட்டுவிட்டார்கள், தீயணைப்புப் படைக்கு வேலை அதிகமில்லை என்கிறார். ஒருவரையொருவர் சந்தித்தே இராத இரண்டு எதிராளிகள் ஒரே வரலாற்றைச் சொல்லும்போது, அதை நாவலின் உலகத்து உண்மையாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆகவே தேர்வுத்தாள்களில் வழக்கமாக வரும் ‘கொடுங்கோல் அரசு மக்களிடமிருந்து நூல்களைப் பறித்தது’ என்ற வாக்கியம் பாதி உண்மைதான். பறிப்பதற்கு முன்பே கை தளர்ந்திருந்தது.

அந்த உரையில் மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டிச்செல்லும் ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு தீயணைப்பு வீரனுக்கும் பணிக்காலத்தில் ஒருமுறையாவது புத்தகத்தில் என்னதான் இருக்கிறது என்ற நமைச்சல் வரும் என்கிறார் பீட்டி. தானும் சிலவற்றைப் படித்ததாகவும் அவற்றில் ஒன்றுமில்லை என்றும் சொல்கிறார். பின்னால் இரண்டாம் பகுதியில், சில வரிகளைப் படித்ததும் உலகத்தையே தகர்க்கக் கிளம்பிவிடுவோம், அந்த வழியெல்லாம் நானும் போய் வந்தவன் என்ற பொருளில் பேசுகிறார். ‘ஒன்றுமில்லை’ என்று முதலில் சொன்னவரும், ‘தலைகால் புரியாமல் போகும்’ என்று பிறகு சொல்கிறவரும் ஒருவரே. இவ்விரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். இரண்டாவதுதான் உண்மை என்று நான் கருதுகிறேன், ஏனென்றால் ஒன்றுமில்லாத ஒன்றை எவரும் இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருப்பதில்லை.

இனி உங்கள் முதல் கேள்விக்கு நேராக வருகிறேன். பீட்டியை அளப்பதற்கான அளவுகோலை நாவலே தருகிறது; அதை ஃபேபர் சொல்கிறார். மான்டாக் உதவி கேட்டு வரும்போது, உனக்கு வேண்டியது புத்தகங்கள் அல்ல, ஒருகாலத்தில் அவற்றில் இருந்தவை என்று அவர் திருத்துகிறார். மூன்று வேண்டும் என்கிறார்: வாழ்வின் நுண்துளைகள் தெரியும்படி எழுதப்பட்ட தரமான விஷயம்; அதை அசைபோட ஓய்வு; அவ்விரண்டாலும் கற்றதைக்கொண்டு செயல்படும் உரிமை. இந்த மூன்றையும் பீட்டியின்மேல் வைத்துப் பாருங்கள். முதலாவது அவரிடம் மற்ற எல்லாரையும்விட அதிகம். இரண்டாவதும் உண்டு, அவர் சீட்டாடுகிறார், புகைபிடிக்கிறார், நீண்ட உரை நிகழ்த்துகிறார், கனவைக்கூட விரித்துச் சொல்கிறார். மூன்றாவது மட்டும் இல்லை. படித்த எதையும் தன் வாழ்வில் செய்து பார்க்க அவர் இடம் கொடுக்கவில்லை. செயலாகாமல் தேங்கிய படிப்பு அவரிடம் ஆயுதமாகிவிட்டது.

அந்த ஆயுதம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சீட்டாட்டக் காட்சியில் பார்க்கலாம். தானும் மான்டாக்கும் மேற்கோள்களால் சண்டையிட்டதாக ஒரு கனவு கண்டேன் என்று சொல்லி, அறிவைப் புகழும் வரிக்கு எதிராக அறிவைச் சந்தேகிக்கும் வரியை, சொற்களைப் போற்றும் வரிக்கு எதிராகச் சொற்களை இகழும் வரியை எறிந்துகொண்டே போகிறார். கடைசியில், புத்தகங்கள் துரோகிகள், உன் பக்கம் நிற்பதாக நினைப்பாய், அவை உன்மீதே திரும்பும் என்று முடிக்கிறார். கேட்கிற மான்டாக்குக்குத் தலை சுற்றுகிறது. இதில் உள்ள தந்திரம் எளியது: ஒரு வரியை அது பிறந்த கவிதையிலிருந்து, சொல்லும் பாத்திரத்திலிருந்து, சூழலிலிருந்து பிய்த்தெடுத்துவிட்டால் எந்த வரியையும் எந்த வரிக்கும் எதிராக நிறுத்தலாம். ‘ஹாம்லெட்’ ஒரு பக்கமாகச் சுருங்கியதைச் சொன்ன அதே பீட்டி, தன் தலைக்குள் ஓர் இலக்கியப் பரப்பையே ஒற்றை வரிகளாகச் சுருக்கி வைத்திருக்கிறார். அவர் எரிக்கும் நூல்களுக்கு நேர்வதும் அவர் நினைவில் இருக்கும் நூல்களுக்கு நேர்வதும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே படித்தவர் எரிக்கிறார் என்பதில் முரண் இல்லை. எரிப்பது போன்ற ஒரு முறையில்தான் அவர் படித்தும் இருக்கிறார்.

இதே அளவுகோல் ஃபேபரையும் விட்டுவைப்பதில்லை. மூன்றையும் அறிந்த அவர், பேச வேண்டிய காலத்தில் பேசாதிருந்த கோழை நான் என்று தாமே ஒப்புக்கொள்கிறார். மான்டாக்கின் காதில் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வைத்து அனுப்பிவிட்டு, கூட்டில் பத்திரமாக இருக்கும் ராணித் தேனீ போலத் தம் வீட்டிலேயே இருக்கிறார். கற்று, செயல்படாமல் இருந்த இருவரில் ஒருவர் எரிப்பவரானார், மற்றவர் ஒளிந்துகொண்டவரானார். கதை முடிவதற்குள் ஃபேபர், பழைய அச்சுக்காரர் ஒருவரைத் தேடி செயின்ட் லூயிஸுக்குப் புறப்படுகிறார். பீட்டிக்கு அந்தப் பயணம் வாய்க்கவில்லை. மான்டாக்கின் பக்கத்து வீட்டுக் கிளாரிஸ் மறுமுனையில் இருக்கிறாள். அந்தப் பதினேழு வயதுப் பெண் கையில் புத்தகத்தோடு வருவதை விட, மழையைச் சுவைப்பவளாகவும், நடப்பவளாகவும், ‘நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா’ என்று கேட்பவளாகவுமே நமக்குக் காட்டப்படுகிறாள். புத்தகத்தில் இருந்தது வேறு இடத்திலும் கிடைக்கும் என்று ஃபேபர் சொன்னதற்கு அவள் உயிருள்ள சான்று. முழுமையான பாத்திரமாக அவள் வளர்க்கப்படவில்லை என்பது என் நெடுநாளைய குறை. கார் மோதி இறந்திருப்பாள் என்று மான்டாக்கின் மனைவி மில்ட்ரெட் அலட்சியமாகச் சொல்வதோடு அவள் கதை நின்றுவிடுகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் போகும் வழி மில்ட்ரெட் ஊடாகவே செல்கிறது என்று நினைக்கிறேன். அவளைப் பலரும் வெறும் பொம்மை என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது. நாவலின் தொடக்கப் பக்கங்களிலேயே அவள் முப்பது தூக்க மாத்திரைகளை விழுங்கிக் கிடக்கிறாள். அவளைப் பிழைக்கவைக்க வருவது மருத்துவர்கள் அல்லர். இரண்டு பொறிகளோடு இரண்டு ஆட்கள் வந்து, வயிற்றையும் இரத்தத்தையும் கழுவிவிட்டு, ஒரே இரவில் இப்படி ஒன்பது பத்து அழைப்புகள் வருகின்றன என்று சொல்லிப் போகிறார்கள். மறுநாள் அவள் நான் ஏன் அப்படிச் செய்யப்போகிறேன் என்று மறுக்கிறாள், மூன்று சுவர்த் தொலைக்காட்சித் திரைகளோடு நான்காவதும் வேண்டும் என்று கேட்கிறாள். அதாவது, எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கவேண்டும் என்பதையே சட்டமாக்கிக்கொண்ட நகரத்தில், சாக விரும்புவது அன்றாட நிகழ்ச்சி; அதைச் சொல்வதற்குத்தான் மொழி இல்லை. இந்தப் பின்னணியோடு பார்த்தால், அந்த மகிழ்ச்சிக்குக் காவலர் நான் என்று சொல்லிக்கொள்ளும் பீட்டியின் உள்ளேயும் அதே விருப்பம் இருப்பது திடீரென்று ஒட்டவைத்ததாகத் தோன்றாது. மில்ட்ரெட்டுக்குச் சொல்லச் சொல் இல்லை. பீட்டிக்குச் சொற்கள் மிகுதி. இருவரும் சொல்லாமலேயே போனார்கள்.

இருந்தாலும், சாக விரும்பினார் என்பதை உறுதியான உண்மை என்று எழுதிவிடாதீர்கள். அதை நாவல் மான்டாக்கின் எண்ணமாகத்தான் தருகிறது. பீட்டியை எரித்துக் கொன்றுவிட்டு, சந்துக்குள் அழுதபடி தப்பியோடும் ஒருவனுக்கு அந்த எண்ணம் தேவைப்பட்டிருக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது. ஆதரவான சான்றுகள் வலுவானவை. மில்ட்ரெட்டின் தோழிகள் முன்பே கொடுத்த புகாரைப் பீட்டி கண்டும் காணாமல் விட்டார், படையின் இயந்திர வேட்டை நாயை மான்டாக்கின் வீட்டுப் பக்கம் அனுப்பி எச்சரித்தார், மான்டாக்கின் கையாலேயே அவன் வீட்டை எரிக்கவைத்தபின், தீப்பீச்சி தன்மேல் திரும்பிய பிறகும் விலகவில்லை, சீண்டிக்கொண்டே நின்றார். எதிரான சான்று ஒன்றுதான், ஆனால் அது நுட்பமானது: தீப்பீச்சியின் பூட்டு திறந்த நொடியில் அவர் கண்களில் வியப்பு தெரிந்தது என்று நாவல் சொல்கிறது. திட்டமிட்டுச் சாவை வரவழைத்தவர் அந்த நொடியில் வியக்கமாட்டார். என் வாசிப்பு இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது: அவர் சாவைத் தேடி வரவில்லை, ஆனால் அது எதிரே வந்து நின்றதும் ஒதுங்கி வழிவிட அவருக்கு மனமில்லை.

அவர் கடைசியாகச் சொல்லும் மேற்கோள் இந்த வாசிப்புக்குத் துணை நிற்கிறது. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தின் நான்காம் அங்கத்தில், உன் மிரட்டல்கள் என்னை அச்சுறுத்தா, நேர்மை என்னும் கவசம் பூண்டிருக்கிறேன் என்று புரூட்டஸ் காசியஸிடம் சொல்லும் வரிகள் அவை. நேர்மையற்ற ஒருவர் நேர்மையின் வரியைச் சொல்கிறார் என்பதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். அந்த நாடகத்தைத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும்: அதைச் சொன்ன புரூட்டஸ் ஐந்தாம் அங்கத்தில் தானே வாள்மேல் பாய்ந்து இறக்கிறான். அவ்வளவு படித்த பீட்டிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் தெரிந்துதான் தேர்ந்தார் என்பது என் ஊகமே. பிரதி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பிரதி சொல்வது வேறொன்று. சற்று முன்புதான், நெருப்பின் உண்மையான அழகு அது பொறுப்பையும் விளைவையும் அழித்துவிடுவதில் இருக்கிறது, சுமையாகிவிட்ட சிக்கலை உலையில் தள்ளிவிடு என்று அவர் மான்டாக்குக்குப் போதித்தார். மாணவன் அந்தப் பாடத்தை ஆசிரியர்மீதே செய்துகாட்டினான். மான்டாக்கின் இந்தச் செயலை வீரம் என்று கொண்டாட எனக்கு இயலவில்லை. பீட்டியின் வழியில் அவன் கடைசியாக நடந்த நடை அது.

ஆசிரியர் பின்னால் சொன்னவற்றை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பதையும் சொல்லவேண்டும். 1979இல் பிராட்பரி இதை நாடகமாக்கியபோது, பீட்டி மான்டாக்கைத் தன் வீட்டுக்கு அழைத்துச்சென்று சுவர் முழுக்கப் புத்தகங்களைக் காட்டும் காட்சியைச் சேர்த்தார். வைத்திருப்பது குற்றமல்ல, படிப்பதுதான் குற்றம், நான் படிப்பதில்லை என்கிறார் அந்தப் பீட்டி. வாழ்வில் இழப்புகள் வந்தபோது திறந்து பார்த்தேன், பக்கங்கள் எனக்கு வெறுமையாக இருந்தன என்றும் சொல்கிறார். இது மனத்தை உலுக்கும் காட்சி. ஆனால் 1953இன் பீட்டியிடம் இந்தக் கடந்தகாலம் இல்லை. ஆகவே இதை விளக்கமாகக் கொள்ளலாம், சான்றாகக் கொள்ளக்கூடாது. நாவலின் நோக்கம் பற்றியும் அவர் பேச்சு ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1956இல் ஒரு வானொலிப் பேட்டியில், நாட்டில் அச்சம் பரவி நூல்கள் எரிக்கப்படும் அபாயம் இருந்த காலத்தில் எழுதியதாகச் சொன்னார். 2007இல், இது அரசுத் தணிக்கையைப் பற்றியதல்ல, தொலைக்காட்சி வாசிப்பைக் கொல்வதைப் பற்றியது என்றார். இரண்டும் நாவலில் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கவேண்டியதில்லை. இடையில் நடந்த ஒன்று பீட்டியின் வரலாற்றுப் பாடத்துக்கே சாட்சியாகிவிட்டது. 1967இல் பள்ளிகளுக்கென்று வந்த பதிப்பில், ஆசிரியருக்குத் தெரியாமலேயே, பதிப்பகத்தார் 75 இடங்களில் கைவைத்தார்கள். எந்த அரசும் அவர்களுக்கு ஆணையிடவில்லை. யாரையும் புண்படுத்திவிடக் கூடாது என்ற கவனம் போதுமானதாக இருந்தது. மாணவர்கள் எழுதிச் சொன்ன பிறகுதான் பிராட்பரிக்கே அது தெரிந்தது.

நீங்கள் மீண்டும் படிப்பதாக இருந்தால், இரண்டாம் பகுதியின் சீட்டாட்டக் காட்சியையும் நாவலின் கடைசிப் பக்கங்களையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஆற்றைக் கடந்து மான்டாக் சேரும் கிரேஞ்சரின் கூட்டத்தாரும் பீட்டியைப் போலவே நூல்களைத் தலைக்குள் வைத்திருப்பவர்கள்தாம். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நூலை, இன்னொருவருக்குக் கொடுப்பதற்காக, முழுதாகக் காத்துவருகிறார்கள். தாங்கள் அந்த நூல்களுக்கு வெறும் மேலுறைகள் மட்டுமே என்று சொல்லிக்கொள்கிறார்கள். குண்டுவீச்சில் அழிந்த நகரத்தை நோக்கி நடக்கும்போது, பைபிளின் பிரசங்கியிலிருந்தும் வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்தும் சில வரிகள் மான்டாக்கின் நினைவில் மெல்ல எழுகின்றன. பீட்டியாக இருந்திருந்தால் அக்கணமே எடுத்து வீசியிருப்பார். மான்டாக் அவற்றைச் சொல்லிவிடவில்லை. நடப்பவர்களுக்கு எந்த வரி எப்போது உதவும் என்று யோசிக்கிறான், இலைகள் மக்களைக் குணமாக்கும் என்ற அந்த ஒரு வரியை, நகரத்தை அடையும் நண்பகலுக்கென்று தன்னிடமே வைத்துக்கொள்கிறான்.